அரை மணி நேரச் சரக்கும் அடுத்த வாரமும்

திருவிழா மேடையில் அரை மணி நேரம் சிரிக்க வைக்கத் தெரிந்த ஒருவர், அந்த அரை மணி நேரத்தை வைத்துக்கொண்டே பல வருடம் ஓட்டிவிடலாம். இன்று பாலையம்பட்டி, நாளை திருச்சுழி, அடுத்த வாரம் முதுகுளத்தூர். ஊர் மாறும், கூட்டம் மாறும், சரக்கு அப்படியே இருக்கும். டிவியில் அந்த வசதி கிடையாது. அதே அரை மணி நேரச் சரக்கு சில வாரங்களில் தீர்ந்துவிடும். ஒருமுறை ஒளிபரப்பானதை மறுநாள் காலையில் பேருந்தில் பக்கத்துச் சீட்டுக்காரரே நம்மிடம் சொல்லிக் காட்டுவார். டிவியில் எப்படி இடம் பிடிப்பது என்று ஊரில் இருந்து கேட்கும் தம்பிகள் எல்லோரும் ஆடிஷனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆடிஷன் ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு வாரா வாரம் புதிதாக என்ன சொல்வது என்பதில்தான் நிறையப் பேர் நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் அருப்புக்கோட்டைக்காரன். மேடை ஏறியது ஆர்கெஸ்ட்ரா குழுவோடு. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பாடகர்கள் உடை மாற்ற, கீபோர்டுக்காரர் அடுத்த பாட்டுக்குத் தயாராக கொஞ்ச நேரம் வேண்டும். அந்த இடைவெளியில் பல குரல் கலைஞர் வந்து நிற்பார். கூட்டம் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. அடுத்த பாட்டு தயாரானதும் பின்னால் இருந்து சைகை வரும். சொல்லிக்கொண்டிருக்கும் கதை எந்த இடத்தில் இருந்தாலும் இரண்டு வரியில் சிரிப்போடு முடித்துவிட்டு இறங்க வேண்டும். எந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாலும் முடிக்கத் தெரிவது பெரிய படிப்பு. மூன்று நிமிடம் என்று டிவியில் சொன்னபோது நான் பதறாமல் இருந்ததற்கு அந்த மேடைகள்தான் காரணம்.

இன்னொரு பாடம் போலீஸ்காரர் வழியாக வந்தது. 2000ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. சில விசேஷ நாட்களுக்கு மட்டும் அரசு நள்ளிரவு வரை விலக்கு தரலாம். கச்சேரி தாமதமாகத் தொடங்கினால் பாட்டைக் குறைக்க விழா கமிட்டி ஒத்துக்கொள்ளாது, நம்முடைய பகுதியைத்தான் வெட்டுவார்கள். அதனால் என்னிடம் எல்லாமே மூன்று அளவில் இருந்தன. ஒரு நிமிடத்துக்கு, ஐந்து நிமிடத்துக்கு, பதினைந்து நிமிடத்துக்கு. ஒரே விஷயத்தை இப்படி மூன்று அளவில் எழுதிப் பார்த்தால் எது சதை, எது வெறும் பேச்சு என்று தெரிந்துவிடும். புதிதாக வருபவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் பயிற்சி இதுதான்.

எங்கள் பக்கத்துக்கு இந்தக் கலை புதிது இல்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை மதுரை, புதுக்கோட்டை வட்டாரத்தில் விடிய விடிய போடுவார்கள். அதில் கதாநாயகனான ராஜபார்ட் வருவதற்கு வெகு முன்பே கோமாளி வேடக்காரரான பபூன் வந்துவிடுவார். தனியாக நின்று பாடுவார், ஆடுவார், முன்வரிசையில் இருப்பவரை வம்புக்கு இழுப்பார், அந்த ஊர் ரோட்டைப் பற்றியும் தண்ணீர் வராததைப் பற்றியும் பேசுவார். தனியாக நின்று பேசிச் சிரிக்க வைப்பதை இன்று ஸ்டாண்ட் அப் என்கிறார்களே, எனக்குத் தெரிந்து அதுவும் இதுதான். நாகர்கோவில் பக்கத்தில் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணனும் வில்லுப்பாட்டு, நாடகம் என்று பழகித்தான் சினிமாவுக்குப் போனார். கோட் போட்டுக்கொண்டு ஆங்கிலம் கலந்து பேசினால்தான் ஸ்டாண்ட் அப் என்று நினைத்து ஒதுங்கி நிற்கும் பையன்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். ஒரு பபூன் நடிகரின் முதல் கால் மணி நேரத்தை ஒரே ஒரு முறை கவனமாகப் பார்த்தால் போதும், கூட்டத்தைக் கையில் எடுப்பது எப்படி என்று புரிந்துவிடும்.

2005இல் விஜய் டிவியில் 'கலக்கப்போவது யாரு' தொடங்கியதும் எங்கள் மாதிரி மேடைக்காரர்களுக்கு நிலைமையே மாறியது. அதுவரை நாங்கள் பாட்டுக்கு நடுவே வருபவர்கள். அதற்குப் பிறகு, சிரிக்க வைப்பது மட்டுமே ஒரு முழு நிகழ்ச்சி ஆனது. மதுரை முத்து, கோவை குணா என்று ஊர்ப்பெயரோடே ஆட்கள் தெரிய வந்தார்கள். திருச்சியில் பொறியியல் படித்துக்கொண்டு மிமிக்ரி செய்த சிவகார்த்திகேயன் அந்த மேடையில் இருந்து 'அது இது எது' நிகழ்ச்சியின் தொகுப்பாளராகி, 2012இல் 'மெரினா' படத்துக்குப் போனார். மதுரை மேடைகளில் உடம்பெல்லாம் பெயின்ட் பூசி ரோபோ நடனம் ஆடிய சங்கர், அந்தப் பெயரோடே டிவிக்கும் சினிமாவுக்கும் வந்தார். 2025 செப்டம்பரில் அவர் மறைந்தபோது தென்மாவட்டத்து மேடைக் கலைஞர்கள் பலருக்குச் சொந்த அண்ணனை இழந்த மாதிரி இருந்தது.

இவர்கள் எல்லோரும் மேலே வந்த வழி ஒரே வழி இல்லை. மதுரை முத்து ஒரு ஜோக் முடிவதற்குள் அடுத்ததை எடுப்பார். கூட்டம் மூச்சு வாங்க நேரம் கொடுக்க மாட்டார். ரோபோ சங்கருக்கு உடம்பே ஆயுதம். சிவகார்த்திகேயன் எதிரில் இருப்பவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கவுன்ட்டர் கொடுப்பவர், அதனால் தொகுப்பாளர் வேலை அவருக்கு இயல்பாகப் பொருந்தியது. தன்னிடம் எது ஊறுகிறதோ அதை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அது வாரா வாரம் ஊறியது. நான் என்னிடம் எது ஊறும் என்று தேட ஆரம்பித்தது இவர்களைப் பார்த்துத்தான்.

எனக்குக் கிடைத்தது தறி. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். நாளடைவில் தறி நின்றாலும் அதே சத்தம்தான் வாயில் வரும். ரகசியத்தையும் கத்தித்தான் சொல்வார்கள், தறிச் சத்தத்தில் அடுத்த வீட்டுக்குக் கேட்காது என்ற தைரியம். அப்பா அம்மாவிடம், "ஒந்தம்பி வாங்குன காசத் திருப்பித் தருவானா மாட்டானா?" என்று உச்சத்தில் கத்தும்போது சரியாக அந்த நொடி கரண்ட் போகும். தெரு முழுக்க தறி நிற்கும். அந்த அமைதியில் அப்பாவின் குரல் மட்டும் தெருக்கோடி வரை போகும். தெருக்கோடியில்தான் மாமா வீடு. மூன்றாவது வீட்டில் இருந்து ஒரு குரல் வரும்: "தர மாட்டான், எங்ககிட்டயும் வாங்கியிருக்கான்!"

இதை எங்கள் ஊரில் சொன்னால் "கரண்ட் போச்சு" என்ற இடத்திலேயே கைதட்டல் தொடங்கிவிடும். ஆடிஷனில் அது நடக்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் தறியைப் பக்கத்தில் நின்று கேட்டதே இல்லை. நல்லவேளையாக அதற்கு முன்பே சென்னையில் அறை நண்பர்களிடம் சொல்லிப் பார்த்திருந்ததால், எங்கே தடங்குகிறது என்று எனக்குத் தெரியும். ஆரம்பத்தில் இரண்டு விஷயம் சேர்த்திருந்தேன். ஒன்று, வாயாலேயே தறிச் சத்தம். "டடக்கு டடக்கு" என்று போட்டுவிட்டு அதன் மேலேயே பேசினால், விளக்கமே தேவைப்படவில்லை. இன்னொன்று மின்வெட்டு. 2012 வாக்கில் தமிழ்நாட்டில் மின்வெட்டை அனுபவிக்காதவர் யாரும் இல்லை. சென்னையில் குறைவு, மாவட்டங்களில் பகலும் இரவும் மணிக்கணக்கில் போனது. "உங்களுக்கு கரண்ட் போனா ஃபேன் நிக்கும், எங்களுக்கு கரண்ட் போனா மானம் போகும்" என்று ஆரம்பித்ததும் உள்ளூர் கதை எல்லோருடைய கதையும் ஆகிவிட்டது.

இந்த இடத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஊர் விஷயத்தை டிவிக்காக விட்டுவிட வேண்டியதில்லை. பல பேர் அதைத்தான் செய்கிறார்கள். பொதுவாகப் புரியட்டும் என்று மனைவி ஜோக், குடிகாரர் ஜோக், நடிகர் குரல் என்று போய்விடுகிறார்கள். அங்கே ஏற்கெனவே நூறு பேர் நிற்கிறார்கள். வெளியூர்க்காரர் உள்ளே நுழைய ஒரு வாசல் வைத்தால் போதும். அந்த வாசல் ஒரு வரிக்குள் இருக்க வேண்டும். மூன்று வரி விளக்கினால் அது பாடம் எடுப்பதாகிவிடும். வட்டார வழக்கையும் மாற்ற வேண்டாம். வேகத்தை மட்டும் முதல் அரை நிமிடம் குறைத்துப் பேசினால், காது பழகிக்கொள்ளும்.

மிமிக்ரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடிஷன் வரிசையில் நிற்கும்போதே முன்னால் போனவர்களின் குரல் கதவு வழியாகக் கேட்கும். எல்லோரும் அதே ஐந்தாறு நடிகர்கள். குரல் அச்சு அசலாக இருப்பது இன்று பெரிய ஆச்சரியம் இல்லை. அந்தக் குரல் எங்கே வரக்கூடாதோ அங்கே வர வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் தறிக்கு நூல் வாங்க வரிசையில் நிற்பவர் வசன உச்சரிப்போடு கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால்தான் அது உங்களுடையது ஆகும்.

சரி, தேர்வானேன். முதல் ஒளிபரப்பில் தறிக் கதை வந்தது. கரண்ட் போகும் இடத்தில் நான் சத்தத்தைப் பட்டென்று நிறுத்தி மூன்று நொடி அசையாமல் நிற்பேன். அந்த மூன்று நொடியில்தான் சிரிப்பு சேரும். ஒளிபரப்பில் அந்த அமைதியைக் காணோம். எடிட்டிங்கில், பேச்சு இல்லாத இடம் என்று வெட்டிவிட்டார்கள். அரங்கத்தில் இடி மாதிரி விழுந்த சிரிப்பு வீட்டில் டிவி பார்த்தவர்களுக்குப் பாதிதான் போய்ச் சேர்ந்தது. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் எடிட்டர் வேண்டுமென்று செய்யவில்லை. அவர் முன்னால் மணிக்கணக்கான பதிவு இருக்கிறது, நிகழ்ச்சி நேரத்துக்குள் அதை அடக்க வேண்டும். அடுத்த முறையில் இருந்து ஸ்கிரிப்ட் கொடுக்கும்போதே "இங்கே மூன்று நொடி அமைதி, வெட்ட வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தேன். பதிவு முடிந்ததும் இயக்கக் குழுவில் ஒருவரிடம் நேரிலும் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த மாதிரி வெட்டு விழவே இல்லை. டிவியில் நம் டைமிங் நம் கையில் பாதி, எடிட்டிங் மேஜையில் பாதி. அந்த மேஜையில் இருப்பவரோடு மரியாதையாகப் பழகுவதும் நடிப்பின் ஒரு பகுதி.

கேமராவும் பழகியாக வேண்டியது. மேடையில் பின்வரிசைக்குப் போய்ச் சேரக் கையைப் பெரிதாக வீசுவோம், கண்ணை உருட்டுவோம். குளோசப்பில் அது மிகையாகத் தெரியும். கண்ணைச் சின்னதாக அசைத்தாலே போதும். ஒரே நாளில் பல எபிசோடுகள் எடுப்பார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வந்த பார்வையாளர்கள் நள்ளிரவில் களைத்துப்போய் உட்கார்ந்திருப்பார்கள். கடைசி எபிசோடில் நம் முறை வந்தால் அவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. பாட்டில் தொடங்குவேன், இல்லாவிட்டால் முன்வரிசையில் ஒருவரிடம் பேச்சுக் கொடுப்பேன். அந்த நேரத்தில் எழுதி வைத்ததை ஒப்பித்தால் எடுபடாது.

இனி முக்கியமான விஷயம், அடுத்த வாரம். திருவிழா மேடையில் சேர்த்த சரக்கு எல்லாம் முதல் சில எபிசோடுகளில் போய்விட்டது. அப்போது நான் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன், இன்று வரை விடவில்லை. பதிவு இல்லாத நாட்களில் சென்னையில் அறையில் கிடக்காமல் ஊருக்கு பஸ் ஏறிவிடுவேன். ஊரில் ஜோக் தேட மாட்டேன். மனிதர்கள் எதற்குக் கோபப்படுகிறார்கள் என்று மட்டும் கவனிப்பேன். ரேஷன் கடையில் கைரேகை விழாத பாட்டி, கல்யாண வீட்டில் மொய் நோட்டில் தன் பெயர் தப்பாக எழுதப்பட்டதற்காகச் சாப்பிடாமல் போன பெரியப்பா, வாட்ஸ்அப் குரூப்பில் இருந்து தூக்கப்பட்ட மாமா. சின்ன விஷயத்துக்குப் பெரிய கோபம் எங்கே இருக்கிறதோ அங்கே நல்ல சிரிப்பு இருக்கும். அதை அன்று இரவே நோட்டில் எழுதிவிட வேண்டும், அவர்கள் சொன்ன வார்த்தையோடே. மறுநாள் எழுதினால் நம் வார்த்தை வந்துவிடும், அவர்களுடைய ருசி போய்விடும்.

எழுதியதை நேராகப் படப்பிடிப்புத் தளத்துக்குக் கொண்டுபோவது ஆபத்து. எனக்கு ஆர்கெஸ்ட்ரா நண்பர்கள் உதவினார்கள். டிவியில் வந்த பிறகும் சின்ன ஊர் மேடைகளில் பத்து நிமிடம் வாங்கிக்கொண்டு புதிய சரக்கைச் சொல்லிப் பார்ப்பேன். சொல்லும்போது ஃபோனில் குரலைப் பதிவு செய்வேன். திரும்பக் கேட்டால், சிரிப்பு நான் நினைத்த வரியில் வந்திருக்காது. அதற்கு முந்தைய வரியிலோ, வாய் தவறி வந்த வார்த்தையிலோ வந்திருக்கும். அங்கே மற்றதை வெட்டிவிட்டு அந்த வார்த்தையை நடுவில் வைக்க வேண்டும். எழுதுவதற்கு ஒரு துணையும் தேவை. என் நண்பன் ஒருவன், மேடையே ஏறாதவன், என்னோடு உட்கார்ந்து எழுதினான். அவனுக்குப் பங்கு எவ்வளவு என்று முதல் நாளே பேசிவிட்டோம். சிரிப்பை எழுதியவருக்குப் பணமும் பெயரும் போய்ச் சேராத குழுக்கள் சீக்கிரம் உடைந்துபோவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஊர்க்காரர்களை வைத்து ஊர் ஊராகச் சிரிக்க வைக்கிறோம் என்றால் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். தறிக் கதையை ஆடிஷனுக்குக் கொண்டுபோகும் முன்பே அப்பாவிடம் சொல்லிக் காட்டினேன். சிரித்தார். அப்புறம், "என்னப் பத்தி என்ன வேணாலும் சொல்லுப்பா. தறிக்காரன் பொழப்பக் கேவலமாக் காட்டிராத" என்றார். மாமாவிடமும் கேட்டேன், பெயரை மாற்றினேன். இன்று வரை அந்த விதியைத் தாண்டியதில்லை. நிறம், உடல் பருமன், திக்குவாய், மூன்றாம் பாலினத்தவர் என்று கேலி செய்யும் ஸ்கிட் எனக்கு வந்தபோது முடியாது என்று சொன்னேன். பெண் வேடம் போட்டு இடுப்பை ஆட்டச் சொன்னார்கள், அதையும் மறுத்தேன். அதனால் சில சுற்றுகளில் எனக்குச் சின்ன வேஷம்தான் கிடைத்தது. எனக்கு அது சம்மதம். அரங்கில் எழும் சிரிப்பில் வீட்டில் இருக்கும் ஒரு குழந்தை கூனிக்குறுகிப் போகும் என்றால் அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டாம்.

பணம் பற்றி யாரும் பேச மாட்டார்கள், நான் பேசிவிடுகிறேன். புதியவர்களுக்கு டிவி தரும் தொகையை வைத்துச் சென்னையில் குடும்பம் நடத்த முடியாது. டிவி தரும் முகத்தை வைத்து வெளியே வரும் கல்லூரி விழா, கோயில் விழா, கடை திறப்பு, வெளிநாட்டுத் தமிழ்ச் சங்க நிகழ்ச்சி இவற்றில்தான் வருமானம். அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு வரியைத் தேடிப் படியுங்கள். வேறு சேனலில் எவ்வளவு காலம் தோன்றக்கூடாது? வெளி நிகழ்ச்சிக்கு அனுமதி வாங்க வேண்டுமா? புரியாவிட்டால் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள். பான் அட்டையை முதலிலேயே வாங்கி வையுங்கள். கலைஞர்களுக்கான தொகையில் பொதுவாக 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வருமான வரி, பிடிப்பார்கள், பான் எண் கொடுக்காவிட்டால் அது 20 சதவீதம் ஆகிவிடும். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து பிடித்ததைத் திரும்ப வாங்கலாம். இது தெரியாமல் வருடக்கணக்கில் பணத்தை விட்டவர்கள் உண்டு. ஏஜென்ட் வழியாக நிகழ்ச்சி வந்தால் அட்வான்ஸ் வராமல் வண்டி ஏற வேண்டாம்.

டிவியில் முகம் தெரிந்த பிறகு திருவிழா கமிட்டியினர், "அந்தத் தறிக் கதையச் சொல்லுங்கண்ணே" என்றுதான் கேட்பார்கள். சொல்லத்தான் வேண்டும், அவர்கள் ஆசைப்பட்டுக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் அதை நடுவில் வைப்பேன். முதலில் அந்த ஊரைப் பற்றி அன்று மாலை விசாரித்துத் தெரிந்துகொண்டதில் இரண்டு விஷயம், பிறகு தறி, கடைசியில் டிவியில் வராத புதியது ஒன்று. முழுக்கப் பழையதையே சொன்னால் அடுத்த வருடம் வேறு ஆளைக் கூப்பிடுவார்கள்.

இப்போது பல நிகழ்ச்சிகளுக்கு முதல் சுற்றை வீடியோவில்தான் கேட்கிறார்கள். தம்பிகள் அனுப்புவதை எனக்குக் காட்டும்போது ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பின்னணி இசையும் சிரிப்புச் சத்தமும் சேர்க்காதீர்கள். ஃபோனை ஓர் இடத்தில் அசையாமல் வைத்து, எதிரில் உங்கள் கதை தெரியாத நாலைந்து பேரை உட்கார வைத்து, ஒரே டேக்கில் மூன்று நிமிடம் எடுங்கள். பெயர், ஊர் சொல்வதிலேயே அரை நிமிடம் கழிய வேண்டாம், முதல் சிரிப்பு அதற்குள் வந்துவிட வேண்டும். அந்த வீடியோவை அனுப்பும் முன், அதில் இல்லாத வேறு நாலு துண்டு நோட்டில் தயாராக இருக்கிறதா என்று பாருங்கள். பிடித்துப்போய்க் கூப்பிட்டார்கள் என்றால், அன்றே "வேற என்ன இருக்கு?" என்று கேட்பார்கள்.